ஓடிப்போகாத ஓடுகாலி

அத்தியாயம் 6

செத்து எழுபது வருஷமான ஒரு மனிதனுக்குக் கடைவாயில் இரண்டு சொத்தைப் பல் இருந்தது என்று தெரிந்துகொள்வதில் யாருக்கு என்ன லாபம் என்று மெரெட்டுக்குப் புரியவில்லை.

"அம்மைத் தடுப்பூசி போட்டாச்சு. டைபாய்டு போட்டாச்சு. விஷவாயு முகமூடி சைஸ் இரண்டு. தலைமுடி பழுப்பு. பாஸ், எங்கம்மாவுக்குக்கூட என்னைப் பத்தி இவ்வளவு தெரியாது."

"உங்கம்மா உன்னைத் தொலைச்சிடுவோம்னு பயந்திருக்க மாட்டாங்க. ராணுவம் பயந்துச்சு" என்றார் ஹார்ட்விக்.

துப்பறிகிறவர்கள் வைத்திருக்கும் எதுவும் ஹார்ட்விக்கிடம் கிடையாது. பூதக்கண்ணாடி கிடையாது, துப்பாக்கி கிடையாது, அவசரம் கிடையாது. முப்பது வருஷம் தபால் துறையில், போய்ச் சேராத கடிதங்களின் பின்னால் அலைந்தவர். ஓய்வுபெற்றபின் வீடு வந்து சேராத சிப்பாய்களின் பின்னால் அலைகிறார். மெரெட் அவருடைய உதவியாளர், டிரைவர், மனசாட்சி. முதல் இரண்டு வேலைகளுக்குத்தான் சம்பளம்.

இருவரும் ஓஸ்டன்புரூக் ஊராட்சி அலுவலகத்தில், மேயரின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் உள்ளங்கை அகலத்தில் பழுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம். ஜெர்மன் சிப்பாய் ஒவ்வொருவனும் சட்டைப்பையில் வைத்திருந்த அடையாளப் புத்தகம். பெயர், படைப்பிரிவு, சம்பளம், பல், ஊசி, வாங்கிய சாமான், எல்லாம் அதில் இருக்கும். முதல் பக்கத்தில் பெயர்: வில்ம் ஆவர்பெக்.

"மூணே மூணு வரி போதும் சார்" என்றார் மேயர் இல்கா டெர்போர்க். நாற்பத்தைந்து வயது. கழுத்தில் கட்டிய ஸ்கார்ஃபைப் போலவே பேச்சையும் நேர்த்தியாக முடிச்சுப் போடுகிறவர். "புத்தகம் அசல். வில்ம் ஆவர்பெக்கோடது. அவர் போரை வேண்டாம்னு சொல்லி ஓடி வந்தவர். கீழே உங்க கையெழுத்து. ஞாயித்துக்கிழமை அமைச்சர் வர்றார். கண்ணாடிப் பெட்டியில வச்சிடுவோம்."

ஜன்னலுக்கு வெளியே சதுக்கம் தெரிந்தது. நடுவில் ஒரு கருங்கல். ஊரிலிருந்து போருக்குப் போய்ச் செத்தவர்களின் பெயர்கள் வரிசையாக அதில் இருந்தன. பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திய புதிய பொருள் ஒன்று. துணிக்குள்ளே வெண்கலத்தில் ஒரு ஜோடி பூட்ஸ், ஓடுகிற நிலையில். போரிலிருந்து ஓடிப்போனவனுக்கு ஊர் வைக்கும் நினைவுச் சின்னம்.

கதை எளிது. 1945 ஏப்ரல். ஆங்கிலப் படை பக்கத்து ஊர்வரை வந்துவிட்ட நேரம். உள்ளூர்க்காரனான வில்ம் ஆவர்பெக் ஓடைக்கரையில் செத்துக் கிடந்தான். மேல்சட்டை இல்லை, துப்பாக்கி இல்லை, புத்தகம் இல்லை. ஓடிவந்தவனை ராணுவப் போலீஸ் பிடித்துச் சுட்டுவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. கருங்கல்லில் அவன் பெயரைச் செதுக்கவில்லை. அவன் மகள் கெஸீனா 'ஓடுகாலி மகள்' என்ற பட்டத்தோடு பள்ளிக்கூடம் போனாள்.

பிறகு காலம் மாறியது. ஓடிப்போனவன் கோழை என்று சொன்ன அதே நாடு, ஓடிப்போனவன்தான் வீரன் என்றது. ஓஸ்டன்புரூக்குக்கு ஒரு வீரன் தேவைப்பட்டான். கையிருப்பில் ஒருவன் இருந்தான். இத்தனையிலும் மாறாமல் இருந்தது செத்துப்போன வில்ம் மட்டும்தான்.

"புத்தகம் எங்கே கிடைச்சது?" ஹார்ட்விக் கேட்டார்.

"துப்பாக்கி சுடும் சங்கத்து ஹால்ல. பெயிண்ட் அடிக்கச் சுவர்ல இருந்த பலகைகளை இறக்கினாங்க. ஒரு பலகையோட முதுகில எண்ணெய்த் துணியில சுத்தி ஆணி அடிச்சு வச்சிருந்தது. யாரோ நல்ல மனுஷன் பத்திரப்படுத்தியிருக்கார்."

"நல்ல மனுஷன்னா மகள்கிட்ட குடுத்திருப்பாரே மேடம்?" என்றாள் மெரெட்.

மேயரின் பேச்சில் அன்று முதல் முறையாக முடிச்சு அவிழ்ந்தது.

சதுக்கத்தில், துணி போர்த்திய பூட்ஸுக்கு எதிர் பெஞ்சில் ஒரு பெண்மணி குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். மழை இல்லை. வந்துவிடும் என்ற நம்பிக்கைதான்.

"மூணு வரி எழுதப்போறது நீங்கதானே?" அவரே ஆரம்பித்தார். "கெஸீனா ஆவர்பெக். சீக்கிரம் எழுதிடுங்க சார். எனக்கு எழுபத்தி நாலு. இந்த ஊரு எதையும் மெதுவாத்தான் செய்யும்."

"காவலுக்கா உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள் மெரெட்.

"ஆமாம்மா. ராத்திரியோட ராத்திரியா மனசு மாறி எடுத்துட்டுப் போயிடுவாங்களோன்னு. இதுக்கு எத்தனை மனு குடுத்திருப்பேன் தெரியுமா? நாலு மேயர் ரிட்டயர் ஆனாங்க, ரெண்டு பேர் செத்தாங்க. எண்பதுகள்ல அணு ஏவுகணைக்கு எதிரா ஊர்வலம் போனப்ப 'நான் ஓடுகாலியின் மகள்'னு அட்டை எழுதித் தூக்கிட்டுப் போனேன். டிவியில காட்டினாங்க. ஊர்ல பேக்கரிக்காரன் ஒரு மாசம் எனக்கு ரொட்டி குடுக்கல." சிரித்தார். "ஞாயித்துக்கிழமை அந்தத் துணியை நான்தான் இழுக்கப்போறேன். இழுத்துட்டு ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பார்க்கணும். அதுக்காகத்தான் உசிரோட இருக்கேன்."

ஹார்ட்விக் தொப்பியைக் கழற்றினார். "அம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். உங்கப்பா ஓடலைன்னு தெரிஞ்சா?"

கெஸீனாவின் சிரிப்பு நின்றது. "அவர் ஓடினது சரிதான்னு சொல்லித்தான் நான் வளர்ந்தேன். அது பொய்யின்னா, என் வாழ்க்கையில பாதியை நீங்க எடுத்துட்டுப் போற மாதிரி. எடுத்துட்டுப் போறதுன்னா உண்மையைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

கார் கதவைச் சாத்தியதும் மெரெட் திரும்பினாள். "ஒரு பேச்சுக்குக் கேட்ட மாதிரி தெரியலையே பாஸ்."

ஹார்ட்விக் மேயரிடம் கேட்டு வாங்கி வந்த புத்தகத்தைப் பிரித்து, பின்னட்டைப் பையிலிருந்து ஒரு துத்தநாகத் தகட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். முட்டையைப் பாதியாக வெட்டியது போன்ற வடிவம். ஒரு ஓரம் சொரசொரப்பு.

"கழுத்துல தொங்கற அடையாள வில்லை. நடுவில துளைத் துளையா கோடு இருக்கும். பக்கத்துல இருக்கிறவன் செத்தா, கூட இருக்கிறவன் கீழ்ப்பாதியை ஒடிச்சு எடுத்துக்கணும். மேல்பாதி உடம்போட போகும். அதுதான் சிப்பாய்க்குச் சிப்பாய் செய்யற கடைசி மரியாதை."

"ஓடுகாலிக்கு யாரும் மரியாதை செய்யமாட்டாங்க."

"ஒடிச்சவன் இவனை ஓடுகாலியா நினைக்கல. இப்ப சாமான் வாங்கின பக்கத்தைப் பாரு. கடைசி வரி."

மெரெட் படித்தாள். செத்ததற்கு முந்தின நாள் தேதி. வெடி இயக்கும் கைப்பெட்டி, ஒன்று. கம்பிச் சுருள், ஒன்று. எதிரே வில்மின் கையெழுத்து. அதற்கடுத்த 'திருப்பித் தந்தது' என்ற கட்டம் காலி.

"ராணுவத்தை விட்டு ஓட நினைக்கிறவன், ஓடறதுக்கு முன்னாடி ஸ்டோர் ரூம்ல வரிசையில நின்னு, கனமான பெட்டி ஒண்ணைக் கையெழுத்துப் போட்டு வாங்குவானா?"

"நானா இருந்தா பல் துலக்கற பிரஷ் மட்டும்தான் எடுப்பேன்."

"நீ ரெண்டு கல்யாணத்துலேருந்து ஓடி வந்தவ. நிபுணர் கருத்தா பதிவு பண்ணிக்கிறேன். ஹாலுக்கு விடு வண்டியை."

துப்பாக்கி சுடும் சங்கத்து ஹால் ஓடைக்கரையில் இருந்தது. பெயிண்டர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வட்ட வட்டமான மரப் பலகைகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. வருஷத்துக்கொரு பலகை. ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒரு பெயர், நடுவில் சிவப்பாக ஒரு மரக்குச்சி அடைப்பு. காவலுக்குப் பச்சைக் கோட்டுப் பெரியவர் ஒருவர் நின்றார். மார்பு நிறைய வெள்ளிப் பதக்கங்கள். மூச்சு விட்டாலே ஆட்டுமந்தை போவது போல் மணிச் சத்தம்.

"தொடாதே பொண்ணே! ராஜா பலகையை ராஜாதான் தொடணும்."

"பெயிண்டர் தொட்டானே தாத்தா?"

"பெயிண்டர் வெளியூர்க்காரன். அவனுக்குப் பாவம் ஒட்டாது."

அவர் பெயர் ஹின்னெர்க். வயது எண்பத்து நான்கு. ஹார்ட்விக் அவரிடம் வழக்கத்தை விசாரித்தார். பெருமை பேசச் சொன்னால் பேசாத கிழவர் உண்டா? வருஷத் திருவிழாவில் யார் நன்றாகச் சுடுகிறானோ அவன் அந்த வருஷத்து ராஜா. ராஜாவுக்கென்று ஒரு பலகை. மனசுக்குப் பிடித்த படத்தை அதில் வரையச் சொல்வான். வரைந்ததும் அந்தப் பலகையில் ஒரே ஒரு முறை சுடுவான். அந்த ஓட்டையைச் சிவப்புக் குச்சியால் அடைத்து, தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டுவான்.

"வேற யாரும் மாட்டக்கூடாதா?"

"ராஜாவோட பெண்டாட்டிகூடத் தொடக்கூடாது. மாட்டினா மாட்டினதுதான். அதுக்கப்புறம் ஹால் எரிஞ்சாத்தான் கீழே இறங்கும்."

"அப்படின்னா பலகைக்குப் பின்னாடி எதாவது இருந்தா..."

"ராஜாவுக்குத்தான் தெரியும்" என்று சொல்லி முடித்த பிறகுதான் ஹின்னெர்க், தான் என்ன சொன்னோம் என்று யோசித்தார். மணிச் சத்தம் ஒரு கணம் தடுமாறியது.

புத்தகம் கிடைத்த பலகை தனியாக இருந்தது. 1951. போருக்குப் பின் துப்பாக்கி சுடத் தடை நீங்கி நடந்த முதல் திருவிழா. ராஜா: யோப்ஸ்ட் டெர்போர்க், மாவு மில்காரர்.

"டெர்போர்க்?" மெரெட் விசிலடித்தாள். "மேயரோட தாத்தாவா?"

"முதல் உலகப்போர்ல சண்டை போட்டவர்" என்றார் ஹின்னெர்க் விறைப்பாக. "இந்த ஊரைக் கட்டிக் காத்த மனுஷன்."

"வில்லை ஒடிக்கத் தெரிஞ்சவர்" என்று ஹார்ட்விக் தனக்குள் முணுமுணுத்தார்.

பலகையில் இருந்தது ஓடைப் பாலம். கல் வளைவு, அடியில் தண்ணீர், தூரத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே சர்ச் கோபுரம். பாலத்தின் மேல் கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு சாம்பல் கோட்டு மனிதன். பலகையின் நடுவில் சிவப்புக் குச்சி, துல்லியமாக.

மெரெட் பலகையைத் தொடவில்லை. கிழவர் திரும்பிய நேரத்தில் தடவினாள். அதற்கும் தொடுவதற்கும் வித்தியாசம் உண்டு என்பது அவள் கட்சி.

"பாஸ். இந்த மனுஷன் கொஞ்சம் புடைச்சிருக்கான்."

ஹார்ட்விக் குனிந்தார். சாம்பல் கோட்டு மனிதனின் நெஞ்சில் இன்னொரு மரக்குச்சி. சிவப்பு அடிக்காமல், கோட்டின் நிறத்திலேயே பூசி மறைத்திருந்தது.

"பெரியவரே, ராஜா தன் பலகையில எத்தனை தடவை சுடலாம்னு சொன்னீங்க?"

"ஒரு தடவை."

"இதுல ரெண்டு ஓட்டை இருக்கே?"

மணிச் சத்தம் முழுக்க நின்றது.

ஹார்ட்விக் பின்பக்க ஜன்னலைத் திறந்தார். எதிரே ஓடை. கல் வளைவுப் பாலம். இரண்டு மரங்கள் வளர்ந்து பருத்திருந்தன. அவற்றுக்கு நடுவே, படத்தில் இருந்த அதே இடத்தில், சர்ச் கோபுரம்.

"வரைஞ்சவன் இந்த ஜன்னல்லதான் நின்னிருக்கான்" என்றாள் மெரெட் மெதுவாக.

"வரையச் சொன்னவனும் இங்கேதான் நின்னான். வேற ஒரு நாள்."

"என்ன நடக்குது இங்கே?" வாசலில் மேயர் இல்கா. கையில் மாலைக்கான ரிப்பன், அதில் தங்க எழுத்து. "மூணு வரிதானே கேட்டேன்?"

"மூணாவது வரி தப்பு மேடம். வில்ம் ஆவர்பெக் ஓடலை. பாலத்தை வெடி வச்சுத் தகர்க்கறதுக்கு உத்தரவோட வந்தவர். இந்த ஜன்னல்லேருந்து யாரோ அவரைச் சுட்டாங்க. சுட்டவர் அதை ஊருக்கே சொல்லிட்டார். அறுபத்து நாலு வருஷமா இந்தச் சுவர்ல தொங்குது. கீழே உட்கார்ந்து நீங்க எல்லாரும் பீர் குடிச்சிருக்கீங்க."

மேயர் பலகையைப் பார்த்தார். தாத்தாவின் பெயரைப் பார்த்தார். பிறகு ஹின்னெர்க்கைப் பார்த்தார். "ஹின்னெர்க் மாமா, இவங்க உளர்றாங்கன்னு சொல்லுங்க."

ஹின்னெர்க் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் அப்ப இங்கேதான் இருந்தேன் இல்கா. ஊர் ஆம்பளைங்க பாதிப்பேர் இங்கேதான். ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளைத் துணி கட்டத் துவைச்சு மடிச்சு வச்சிருந்தோம். மறுநாள் ஆங்கிலேயன் வருவான், அமைதியா வரட்டும்னு. அப்பத்தான் வில்ம் பெட்டியோட வந்தான். பாலம் போனா அவங்க அந்தப் பக்கத்துலேருந்தே ஊரைக் குண்டு போட்டுத் தரைமட்டம் ஆக்கியிருப்பாங்க. உங்க தாத்தா ஜன்னல்லேருந்து கத்தினார், 'இறங்கி வாடா வில்ம், போர் முடிஞ்சுபோச்சு, வந்து ஒரு கிளாஸ் குடி'ன்னு."

"அதுக்கு அவர்?" என்றார் ஹார்ட்விக்.

"'நான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன்'னான். 'வெடிக்கலைன்னா பெட்டியைத் திருப்பிக் குடுக்கணும். திருப்பி வாங்கிக்க அங்கே யாருமே இல்லை, எல்லாரும் போயிட்டாங்க, நான் என்ன பண்றது'ன்னான். அழுதுட்டே சொன்னான். ஆனா கை மட்டும் பெட்டியோட கைப்பிடியை விடல."

மேயர் ஜன்னல் வழியே பாலத்தைப் பார்த்தார்.

"இந்த ஊர்லயே நல்லா சுடறவர் உங்க தாத்தாதான்" என்று ஹின்னெர்க் முடித்தார். "ராணுவப் போலீஸ் வந்தா எங்க எல்லாரையும் மரத்துல தொங்க விட்டிருப்பான். அதனால ஓடிவந்தவன் மாதிரி தெரியச் சட்டையைக் கழட்டினோம். பெட்டியை ஓடையில போட்டோம். ஓடிவந்தவன், யாரோ சுட்டுட்டாங்கன்னோம். போலீஸ்காரன் வந்தான், 'ஒரு ஓடுகாலி ஒழிஞ்சான்'னு சொல்லிட்டுப் போனான். சுட்டது போலீஸ்தான்னு அப்புறம் ஊர்ல நாங்களே பரப்பினோம். காலையில ஆங்கிலேயன் பாலத்து மேல வந்தான். ஊருக்கு ஒரு கண்ணாடிகூட உடையல."

"அதுக்கப்புறம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே? அந்தக் குழந்தையை ஊரே திட்டிச்சே?" மெரெட்டின் குரலில் கிண்டல் இல்லை.

"முதல்ல பயம். அப்புறம் வெட்கம். அதுக்கப்புறம் பழகிப்போச்சு பொண்ணே."

"புத்தகத்தை ஏன் எரிக்கல?"

ஹின்னெர்க் அவளை அதிர்ச்சியோடு பார்த்தார். "எரிக்கறதா? முத்திரை குத்தின புத்தகம்மா அது! அரசாங்கச் சொத்து. யோப்ஸ்ட் அப்படிப்பட்டவர் இல்லை."

"ஆளைச் சுடலாம், புத்தகத்தை எரிக்கக்கூடாது. கையெழுத்துப் போட்டவன் செத்தான், முத்திரையை மதிச்சவன் மாட்டினான். ரெண்டு பேரும் ஒரே ஊர்க்காரங்கதான்" என்றாள் மெரெட்.

மேயர் இல்கா ரிப்பனை மடித்துக்கொண்டே இருந்தார். மடிக்க இனி இடமில்லை. "எங்க தாத்தா ஊரைக் காப்பாத்தினாரா, ஒரு மனுஷனைக் கொன்னாரா?"

"ஒரே குண்டுதான் மேடம். ரெண்டும்."

"ஞாயித்துக்கிழமை மட்டும் போகட்டும் சார். அமைச்சர் வந்துட்டுப் போனதும் நிதானமா..."

"உங்க ஊர்ல நிதானம் எழுபது வருஷம் ஆகும்" என்றார் ஹார்ட்விக். "இந்தச் செய்தி உங்க விலாசத்துக்கு வந்தது இல்லை மேடம். யாருக்கு வந்ததோ அவங்ககிட்ட குடுத்துடறேன். அதுக்கப்புறம் அவங்க இஷ்டம்."

கெஸீனாவின் சமையலறையில் கீரைக்கோஸும் புகையூட்டிய சாசேஜும் கொதித்துக்கொண்டிருந்தன. ஹார்ட்விக் சுருக்கமாகச் சொன்னார். தபால்காரர்கள் தந்தி வாசிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

கெஸீனா எழுந்து அடுப்பை அணைத்தார்.

"அப்ப அவர் ஓடலை."

"இல்லைம்மா."

"வெடிச்சிருப்பாரா?"

"வெடிச்சிருப்பார்னுதான் நினைக்கிறேன்."

"பாலத்தை ஒட்டின முதல் வீடு எங்களோடது. நானும் எங்கம்மாவும் அன்னிக்கு உள்ளேதான் இருந்தோம். அது அவருக்குத் தெரியுமா?"

ஹார்ட்விக் புத்தகத்தையும் வில்லைத் தகட்டையும் அவர் முன்னால் வைத்தார். அந்தப் புத்தகத்தில் பல்லுக்குப் பக்கம் இருந்தது, பூட்ஸுக்குப் பக்கம் இருந்தது. இதற்குப் பக்கம் இல்லை.

கெஸீனா தகட்டின் சொரசொரப்பான ஓரத்தை விரலால் தடவினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். முதலில் மெதுவாக, பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு. கண்ணீர் வந்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை.

"போரே வேண்டாம்னு சொன்ன மனுஷனுக்காக நான் தெருத்தெருவா கத்தினேன். அந்த மனுஷன், உத்தரவு வந்தா சொந்த வீட்டையே தகர்க்கற ஆளு. என்னைத் திட்டினவனுங்க எல்லாரும் வெள்ளைத் துணியை மடிச்சு வச்சவனுங்க!" மூக்கைச் சிந்தினார். "சாப்பிட்டுப் போங்க. ஆறினா நல்லா இருக்காது."

"ஞாயித்துக்கிழமை வருவீங்களா?" என்றாள் மெரெட் தயங்கி.

"விழாவுல குடுக்கற வெண்ணெய் கேக்குக்குக் காசு குடுத்தாச்சும்மா. வராம?"

ஞாயிற்றுக்கிழமை தூறல். அமைச்சருக்கு ஒருவர் குடை பிடித்தார், குடை பிடித்தவருக்கு இன்னொருவர் குடை பிடித்தார். பச்சைக் கோட்டுக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். மேயர் இல்கா இரண்டு நிமிஷம் பேசினார். என்ன பேசினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவர் கண்கள் முழுக்கக் கெஸீனாவின் மேல்தான் இருந்தன.

கெஸீனா துணியை இழுத்தார்.

வெண்கல பூட்ஸ் மழையில் மினுமினுத்தது. பீடத்தில் இரண்டு பித்தளைத் தகடுகள். மேலே: வில்ம் ஆவர்பெக். கீழே: போரை வேண்டாம் என்றவர். கூட்டம் கைதட்டியது. கெஸீனா ஒலிபெருக்கியைப் பிடித்து, தான் சொன்னபடியே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அது முடிய வெகுநேரம் ஆனது. கைதட்டல் தானாகவே அடங்கியது.

"அழகா இருக்கு" என்றார். "ஆனா இந்த பூட்ஸ் எங்கப்பாவோடது இல்லை. உங்களோடது. அன்னிக்குப் போரை விட்டு ஓடினவர் அவர் இல்லை. இந்த ஊரு. நீங்க ஓடினது சரி. இத்தனை வருஷமா அது சரின்னுதான் நான் கத்திட்டிருக்கேன், இப்பவும் அதைத்தான் சொல்றேன். ஒரே ஒருத்தர் ஓடமாட்டேன்னார். அவரைச் சுட்டுட்டு, உங்க பட்டத்தை அவருக்குக் குடுத்தீங்க. எனக்கும் குடுத்தீங்க. இப்ப நான் திருப்பிக் குடுக்கறேன்."

அமைச்சர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தன் கையிலிருந்த பேச்சைப் பார்த்தார். அதில் இது இல்லை.

"கீழ்த் தகடு இருக்கட்டும். அது உங்களுக்குப் பொருந்தும். மேல் தகட்டை மட்டும் யாராவது கழட்டிக் குடுங்க."

ஒருவரும் அசையவில்லை. பிறகு எங்கோ மணிச் சத்தம். வரிசையிலிருந்து ஹின்னெர்க் வெளியே வந்தார். ஈரத் தரையில் முட்டி போட்டு, பேனாக்கத்தியை விரித்து, முதல் ஸ்க்ரூவில் வைத்தார். கத்தி வழுக்கியது. மேயர் இல்கா போய் அவர் பக்கத்தில், விலை உயர்ந்த காலுறையோடு, சேற்றில் முட்டி போட்டுத் தகட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பாஸ், நம்ம கார்ல நல்ல ஸ்க்ரூ டிரைவர் இருக்கு" என்று மெரெட் காதில் கிசுகிசுத்தாள்.

"இருக்கட்டும்" என்றார் ஹார்ட்விக். "அவங்களே கஷ்டப்படட்டும்."

கடைசி ஸ்க்ரூவும் வந்தது. கெஸீனா தகட்டை வாங்கி, கோட்டுக் கையால் மழையைத் துடைத்து, பக்கத்துக் கருங்கல்லுக்கு நடந்தார். செதுக்கிய பெயர்களுக்குக் கீழே அதைச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

பின்னாலேயே வந்த ஹின்னெர்க் குனிந்து தகட்டைப் பார்த்தார். "கொஞ்சம் சாஞ்சிருக்கு கெஸீனா. நேரா வைக்கட்டுமா?"

"வேண்டாம்" என்றார் கெஸீனா. "நேரா நின்னப்பதான் சுட்டீங்க."